வழிகள் கூடும் இடம்

இலண்டன் மாநகரில் கிங்ஸ் குரொஸ் என்றொரு சந்தி உண்டு. அங்கே இரண்டு பெரும் புகையிரத நிலையங்கள் அருகருகே நிற்கின்றன. 1852 இல் திறக்கப்பட்ட கிங்ஸ் குரொஸிலிருந்து வண்டிகள் வடக்கே ஸ்கொத்லாந்து வரை செல்கின்றன. 1868 இல் திறக்கப்பட்ட சென்ற் பாங்கிராஸிலிருந்து, 2007 முதல், கடலடிச் சுரங்கத்தினூடாகப் பாரிஸ் நகருக்கு வண்டிகள் புறப்படுகின்றன. இவற்றின் கீழே, நிலத்தினுள், ஆறு பாதைகள் கூடும் மற்றொரு நிலையம் உள்ளது.

உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் 1863 சனவரி 10 ஆம் நாள் ஓடத் தொடங்கியபோதே கிங்ஸ் குரொஸும் அதன் நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. அன்று சுரங்கத்தினுள் நீராவி எஞ்சின்களே ஓடின. புகையிரதம் என்னும் தமிழ்ப் பெயர் அங்கே முற்றும் பொருந்தியிருக்கும். பின்னர் மின்சார வண்டிகள் வந்தன. ஆழத்தில் 1906 இல் பிக்காடில்லிப் பாதையும், 1907 இல் இன்று வடக்குப் பாதை எனப்படுவதும், 1968 இல் விக்டோரியாப் பாதையும் வந்து சேர்ந்தன. ஒரு வண்டியிலிருந்து இறங்குபவர், தெருவுக்கு ஏறாமலே, நடைவழிகளாலும் நகரும் படிக்கட்டுகளாலும் மற்றொரு வண்டியை அடையலாம்.

நேயர்களே, வழிகள் கூடுவது பெரும் வசதி. ஆனால் வழிகள் கூடும் இடத்தில் ஆபத்தும் கூடலாம் என்பதை 1987 நவம்பர் 18 ஆம் நாள் மாலை உணர்த்தியது.

பிக்காடில்லிப் பாதையின் நகரும் படிக்கட்டு மரத்தால் ஆனது. எரியும் நெருப்புக்குச்சி ஒன்று அதன் இடுக்கில் விழுந்தது. நிலக்கீழ் நிலையத்தில் புகைத்தல் முன்னரே தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வெளியேறும் போதே சிகரெட்டைப் பற்றவைப்போர் இருந்தனர். படிகளின் கீழே மசகும் தூசியும் காகிதத் துண்டுகளும் பல்லாண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. முதலில் தீ சிறிதாகவே தோன்றியது. சுமார் கால் மணி நேரத்தில் அது சரிவான படிக்கட்டை ஒட்டியே மேலேறி, மேலுள்ள பயணச்சீட்டு மண்டபத்தினுள் பாய்ந்தது.

அம்மண்டபமே துயரத்தின் மையமாயிற்று. பிக்காடில்லி, விக்டோரியா ஆகிய இரு பாதைகளின் படிக்கட்டுகளும் அங்கேதான் ஏறின. தீயிலிருந்து காப்பதற்காக மறுபடிக்கட்டின் வழியே அனுப்பப்பட்ட பயணிகளும் அம்மண்டபத்தையே அடைந்தனர். முப்பத்தொருவர் உயிரிழந்தனர். காப்பாற்ற வந்த தீயணைப்பு அதிகாரி ஒருவரும் அவர்களுள் அடங்குவர். இறந்தோருள் ஒருவர் யாரென்பது 2004 ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தது. கீழே அகப்பட்டிருந்த பலரையோ, விக்டோரியாப் பாதையின் வண்டிகளே ஏற்றிச் சென்று காத்தன.

விசாரணை அறிக்கை 1988 இல் வெளிவந்தது. படிக்கட்டுகளில் தீப்பற்றுவது அங்கே புதிதன்று. ஆனால் அதனை வெறும் 'புகைச்சல்' என்று சொல்லிப் பழகியிருந்தனர். நீர் தெளிக்கும் கருவி இருந்தது. அதனை இயக்கும் பயிற்சி ஊழியருக்கு இல்லை. சிறிய பெயர் சூட்டியதால் பெரிய ஆபத்து சிறிதாகிவிடவில்லை.

அதன்பின் மரப்படிக்கட்டுகள் படிப்படியாக அகற்றப்பட்டன. இலண்டன் நிலக்கீழ்ப் பாதைகளில் கடைசியானது 2014 இல் நீங்கியது. கிங்ஸ் குரொஸில் 2006 இலும் 2009 இலும் புதிய பயணச்சீட்டு மண்டபங்கள் திறக்கப்பட்டன. இன்று அங்கே விரைந்து நடப்போர் பலருக்கு அந்த மாலை நினைவில் இராது. எனினும் அவர்கள் ஏறும் உலோகப் படி ஒவ்வொன்றும், சிறு தீயைச் சிறிதென்று விட்டதற்குச் செலுத்திய விலையைச் சொல்லிக்கொண்டே நகர்கின்றது.