போர் முடிந்த நாளுக்கு என்ன பெயர்?



இரண்டாம் உலகப் போர் எப்போது முடிந்தது என்று வகுப்பறையில் கேட்டால், 1945 என்று மாணவர் உடனே விடை கூறுவர். எந்த நாள் என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் எழும். அத்தடுமாற்றம் அறியாமையால் மட்டும் வருவதன்று. அந்த ஒரு போரே நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாளில் முடிந்திருக்கிறது; முடிந்த நாளுக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு பெயரும் இட்டிருக்கிறது. மொழிக்கென அமைந்த இவ்வவையில், விழாக்களை விவரிப்பதைக் காட்டிலும் அப்பெயர்களை ஆராய்வதே தகும் எனக் கருதுகிறோம்.

ஜெர்மனி சரணடைந்த ஆவணம் 1945 மே 8 நள்ளிரவை ஒட்டிப் பெர்லினில் கையெழுத்தானது. அப்போது மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டது. ஆகவே பிரான்சு மே 8-ஐயும் ரஷ்யா மே 9-ஐயும் வெற்றி நாளாகப் போற்றுகின்றன. வென்றவர்க்குப் பெயரிடுவது எளிது. தோற்ற ஜெர்மானியர் அந்நாளை எச்சொல்லால் அழைப்பது? கிழக்கு ஜெர்மனி 1950-இலேயே அதனை 'விடுதலை நாள்' என அறிவித்து விடுமுறையும் அளித்தது. மேற்கு ஜெர்மனியிலோ, 1985-இல் குடியரசுத் தலைவர் வைட்சேக்கர் நாடாளுமன்றத்தில் அந்நாளை விடுதலை நாள் என்று கூறியபோது அது பெருஞ்செய்தியாயிற்று. ஒரே மொழியில் ஒரே சொல். ஓரிடத்தில் அது அரசாணையால் வந்தது. மற்றோரிடத்தில் நாற்பது ஆண்டுக்காலத் தயக்கத்தைக் கடந்து வந்தது.

நெதர்லாந்தின் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மே 4 இரவு எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் மௌனம் காத்து இறந்தோரை நினைக்கிறது. விடுதலையைக் கொண்டாடுவது மறுநாள்தான். துயரையும் மகிழ்ச்சியையும் ஒரே மேடையில் ஏற்றாத இந்த ஏற்பாடு நம் மனத்துக்கு உவப்பானது.

ஆசியாவுக்கு வருவோம். 1945 ஆகஸ்டு 15 நண்பகலில் ஜப்பானியப் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது. போரை முடிக்கும் முடிவை அறிவித்த அவ்வுரையில் 'சரண்' என்னும் சொல் இடம்பெறவில்லை. இன்றும் ஜப்பானியர் அந்நாளைப் 'போர் முடிவு நினைவு நாள்' என்றே வழங்குகின்றனர். மழை ஓய்ந்தது என்பதுபோல, போர் தானே முடிந்துவிட்டதாக ஒலிக்கும் பெயர் அது. அதே நாளுக்குக் கொரிய மக்கள் இட்ட பெயர் 'குவாங்போக்'. ஒளி மீண்டது என்பது அதன் பொருள். 35 ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்தவர்க்கு அச்சொல்லே இயல்பாய் வந்தது. சீனாவோ செப்டம்பர் 3-ஐத் தேர்ந்து, 'எதிர்த்து நின்று பெற்ற வெற்றி' என்று பெயரிலேயே பதித்துக்கொண்டது. அகராதியில் மூன்று சொல்லுக்கும் பொருள் காணலாம். ஆனால் மூன்றையும் 'வெற்றி நாள்' என்றோ 'நினைவு நாள்' என்றோ ஒரே வகையாகத் தமிழில் பெயர்த்துவிட்டால் மாணவர்க்கு வரலாறே மறைந்துபோகும். நம் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் இப்பிழை நேர்வதுண்டு.

சிங்கப்பூரில் ஜப்பானியப் படை முறைப்படி சரணடைந்தது 1945 செப்டம்பர் 12-ஆம் நாள். பாடாங் திடலுக்கு எதிரே இருந்த நகராண்மைக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் அச்சரணை ஏற்றார். எனினும் நாம் ஆண்டுதோறும் நினைப்பது அந்நாளையன்று. தீவு வீழ்ந்த பிப்ரவரி 15-ஐத்தான். கடற்கரைச் சாலையில் நான்கு தூண்களாய் உயர்ந்து நிற்கும் நினைவுச் சின்னம் 1967-இல் அந்நாளிலேயே திறக்கப்பட்டது. முழுமைத் தற்காப்பு தினமும் அந்நாளே. காரணம் விளங்காததன்று. செப்டம்பரில் திரும்பி வந்தது பிரிட்டனின் கொடி. அந்த வெற்றி பிறருடையது. வீழ்ச்சியின் வலி நம்முடையது.

இனி, எந்த நாளும் எளிதில் பொருந்தாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிக் கூற வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர்க்குக் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் உண்டு. அங்குள்ள கல்லறைகள் ஏறத்தாழ 7,000. ஆஸ்திரேலியர் ஏப்ரல் 25 விடியலில் அப்பாதையின் 'நரகக் கணவாயில்' கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

அப்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளரோ கைதிகளைப்போல் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கூலி கிடைக்கும் என்று நம்பிச் சென்றவரும் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டவரும் உண்டு. காலராவும் மலேரியாவும் அவர்களை வாரிக்கொண்டன. இறந்தோர் 90,000 வரை இருப்பர் என மதிப்பிடுவோர் உளர்; மதிப்பீடுதான், கணக்கன்று. படைவீரர்க்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, எண் இருந்தது, தேடிவர ஓர் அரசு இருந்தது. தோட்டத்துக் கறுப்பனுக்கு அவை இல்லை. உயிர் பிழைத்தவர்க்கும் ஆகஸ்டு 15 வீடு திரும்பிய நாளன்று. பலர் மேலும் பல மாதங்கள் முகாம்களில் காத்திருந்தனர்.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது நம் பழமரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆனால் போர்க்களத்தில் ஆயுதமின்றி மண் சுமந்து மாண்டவனுக்கு அம்மரபில் இடமுண்டா? 2023-இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. எண்பதாண்டுக்குப் பின், பழஞ்சொல் புதியவரையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது. இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பொருள் விரிவு என்பார்கள். நாம் கடன் தீர்த்தல் என்போம், முழுதும் தீரவில்லையாயினும்.

நம் முதியோர் 'போர் முடிந்த நாள்' என்று சொல்லிக் கேட்டது அரிது. 'ஜப்பான்காரன் காலம்' என்பார்கள். 'சயாமுக்குப் போனவர்' என்பார்கள். 'போனவர்' என்பதில் திரும்பி வந்தாரா என்ற செய்தி இராது. கேட்பவர்தாம் கேட்டறிய வேண்டும். அத்தொடரைத் தம் வீட்டில் கேட்ட மாணவர் இவ்வரங்கில் இருப்பின், சொன்னவர் யார், போனவர் யார், எந்தத் தோட்டம் என்பவற்றை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஊர்ப்பெயரைத் தோட்டத்தில் வழங்கிய தமிழ்ப் பெயராகவே எழுதுங்கள்.