முத்துத் துளைத்த கைகள்



மன்னார்க் கடல் என்றதும், மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், சிப்பியிலிருந்து எடுத்த முத்து அப்படியே அணியாகிவிடுவதில்லை. அதனைத் தரம் பிரித்து, நிறுத்து, துளையிட்டுப் பொற்கொல்லரிடம் சேர்ப்பித்த கலைஞர் கூட்டம் ஒன்று இக்கரையில் கூடியது. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அடுத்த கரை, பெரும்பாலும் ஆளரவமற்ற மணல்வெளி. முத்துக் குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் மட்டும், மாசி, பங்குனி மாதங்களில், அங்கே கிடுகுக் குடிசைகளாலான நகரமொன்று எழும். கீழக்கரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் மக்கள் திரள்வர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபா வருவாய் கிடைத்தது.

அச்சந்தையில் தரம் காண்போரின் முதற் கருவி சல்லடை. ஒரே அளவான பித்தளைக் கிண்ணங்கள் பத்து. ஒன்றில் 20 துளைகள், அடுத்ததில் 30, பின்னர் 50, இவ்வாறே ஏறி இறுதிக் கிண்ணத்தில் 1000 துளைகள். முத்துக்களை இட்டுச் சலிக்க, பெரியவை மேலே தங்கும். சிறியவை கீழே இறங்கும். அளவு தெரிந்தபின் உருட்சியும் ஒளியும் கண்ணால் நோக்கப்படும். குறையற்றது ஆணி, உருத் திரிந்தது குறுவல், மிகச் சிறியது தூள். ‘ஆணித்தரமாகப் பேசினார்’ என்கின்றோமே, அச்சொல்லையும் இத்தரத்தோடு இயைத்துப் பொருள் காண்பர். நிறுப்பதற்குக் கழஞ்சும் மஞ்சாடியும் உதவின.

இனித் துளையிடுவோரைக் காண்போம். 1807இல் வெளிவந்த தம் நூலில் ஜேம்ஸ் கோடினர் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இவ்வேலையை நுணுக்கமாக விவரித்துள்ளார். கவிழ்த்த கூம்பு போன்ற மரக்கட்டை ஒன்று மூன்று கால்களில் நிற்கும். அதன் மேற்புறத்துச் சிறு குழிகளில் முத்துக்களை அசையாது பதிப்பர். நாணற்குச்சியில் பொருத்திய உருக்கு ஊசியின் மறுமுனை, தொழிலாளியின் நெற்றியோடு அழுந்தும் சிரட்டைத் துண்டில் சுழலும். மூங்கில் வில்லால் அதனை இயக்குவார். முழங்கால்மேல் மற்றொரு சிரட்டையில் நீர். வலக்கைச் சிறுவிரலை அதில் தோய்த்து ஊசியைக் குளிர்விப்பார், வில்லோ நிற்பதில்லை. இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு முத்து துளைபட்டுவிடும். நாளொன்றுக்குப் பெரிய முத்தாயின் 600, சிறியதாயின் 300.

இந்தக் கணக்கைச் சற்றே சிந்திக்க வேண்டும். சிறிய முத்துக்கே இருமடங்கு பொழுது! ஊசி சற்று விலகினாலும், பல பேர் உழைப்பால் வந்த பொருள் ஒரு நொடியில் மதிப்பிழக்கும். கடல் தந்த மணிக்கு அணியாகும் தகுதியை அளித்தவை அக்கைகளே. ஆயினும் அவர்தம் பெயர்களை எவரும் எழுதிவைத்திலர். குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகை, அல்லிராணிக் கோட்டை என்னும் பெயரோடு, சிதைந்த நிலையிலேனும் நிற்கின்றது. துளையிட்டவருக்கு அத்தகைய சின்னமும் இல்லை.

1906இல் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனி ஒன்றிடம் விடப்பட்டன. 1907க்குப்பின் சிப்பி அருகியது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடந்தது. பின்னர் ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. கூடிய இடத்திலேயே ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்ற தொழிலுக்கு, கூட்டம் கலைவது பள்ளிக்கூடம் மூடப்படுவதை ஒக்கும்.

ஆதலால் நேயர்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். உங்கள் வீட்டுப் பழம் பெட்டிகளில் துளையிட்ட பித்தளைக் கிண்ணமோ, சிறு வில்லோ, மஞ்சாடித் தராசோ இருக்கலாம். உடைந்த பித்தளை என்று அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றைக் கையாண்ட முறையை அறிந்த முதியோர் இருப்பின், கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மறைந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்கள் தொழிலை மறவாதிருத்தலே.