சிரிப்பு நின்ற வாரம்

(வேங்கிக்காலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'இலக்கியமும் இளைஞரும்'. தலைப்பு பெரிசு, நேரம் பதினைந்து நிமிஷம். நான் தமிழ் இலக்கியம் படித்தவனும் இல்லை. பி.எஸ்ஸி. வேதியியல், பிறகு முப்பது வருஷம் கருவூலத்தில் பில் பார்த்தவன். சாம்பார் வாசனையும் பந்தலுக்குப் பின்னாலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன். சிரிக்கச் சிரிக்க ஆரம்பிக்கிற ஒரு காதல் கதை, பாதியில் முகம் மாறி நம்மை அழவைக்கிறதே, அது நியாயமா?

இது என் கேள்வி இல்லை. காலையில் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கேட்டது. "சார், காமெடின்னு நம்பித்தான் படிச்சேன். பாதியில சீரியஸாயிடுச்சு. ஏமாத்திட்டாங்க சார்" என்றார். அவர் சொன்னது 'மெசோன் இக்கோகு' என்ற ஜப்பானியப் படக்கதை. ருமிகோ தகஹாஷி என்ற பெண்மணி 1980 முதல் 1987 வரை பத்திரிகையில் தொடராக வரைந்தது. என் மகன் வாங்கி வைத்திருந்ததை நானும் படித்திருக்கிறேன். படக்கதை என்றால் எங்கள் தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவி. காதலுக்கும் மாயாவிக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் முதலில் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன்.

கதை இதுதான். ஒரு பழைய வாடகை விடுதி. கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படிக்கிற ஒரு பையன். அவன் அறையில் வந்து குடித்துக் கும்மாளம் போடுகிற பக்கத்து அறைக்காரர்கள். புதிதாக விடுதிப் பொறுப்பேற்று வருகிறாள் ஒரு இளம்பெண், கூடவே ஒரு நாய். பையனுக்கு அவள்மேல் காதல். ஒரே ரகளை. நாயின் பெயர் சோயிச்சிரோ. அது அவளுடைய இறந்துபோன கணவனின் பெயர் என்பது பிறகுதான் தெரியவருகிறது. அவள் இளம் விதவை. இது தெரிந்த பிறகு அவள் நாயைக் கூப்பிடும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கணவனின் முகத்தைத் தொடர் முடியும்வரை அந்தம்மா காட்டவேயில்லை. பையன் கடைசியில் அந்தக் கணவனின் கல்லறை முன்னால் நின்று, உங்கள் நினைவையும் சேர்த்தேதான் இவளை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசுகிறான். நல்ல முடிவுதான், கல்யாணமும் நடக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரும்போது நாம் ஆரம்பத்தில் பார்த்த பையனில்லை அவன்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? முதலில் காட்டிய நாய்தானே கடைசிவரை வருகிறது! கடைசி ரீலில் கதாநாயகி இருமி, கர்ச்சீப்பில் ரத்தம் காட்டுகிறார்களே, அது ஏமாற்று. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சோகம்.

நம்மூரில் ரொம்ப நாள் வேறு ஏற்பாடு இருந்தது. சிரிப்புக்குத் தனி அறை, அழுகைக்குத் தனி அறை. 1959-ல் வந்த ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' படத்தைப் பாருங்கள். காதலர்கள் ஒரு பக்கம் உருகிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் தங்கவேலு மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்றும், எழுத்தாளர் பைரவன் தானே என்றும் புளுகி நம்மை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பார். தங்கவேலு அழவேண்டியதில்லை, ஜெமினி சிரிக்கவைக்க வேண்டியதில்லை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' விகடனில் தொடராக வந்தபோது முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம்வரை சிரிப்பு மட்டும்தான். அதுவும் ஒரு நேர்மை.

சிரிக்கவைத்த அதே ஆளையே அழவிட்டது என் காலத்தில் சுஜாதா. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த 'பிரிவோம் சந்திப்போம்'. பாபநாசம். மலை, அணைக்கட்டு, என்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ரகுபதி. அங்கே வந்து சேருகிறாள் மதுமிதா. குழந்தை மாதிரிப் பேசுவாள், குழந்தை மாதிரி மனசு மாறுவாள். அதுதான் அந்தத் தொடரின் வேடிக்கையே. பிறகு அமெரிக்க மாப்பிள்ளை வருகிறான். பெற்றவர்கள் சொல்கிறார்கள், மதுவும் சரியென்கிறாள். எந்தக் குழந்தைத்தனம் நமக்கு வேடிக்கையாக இருந்ததோ அதே குழந்தைத்தனத்தால்தான் சரியென்கிறாள். குணம் மாறவில்லை, அதற்குக் கொடுக்கவேண்டிய விலைதான் மாறிவிட்டது. ரகு உயிரை விடப்போய்ப் பிழைக்கிறான். இரண்டாம் பாகம் அமெரிக்கா. அங்கே மதுவின் குடும்ப வாழ்க்கை எந்த லட்சணத்தில் இருக்கிறது, அவள் என்ன ஆகிறாள் என்பதைப் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காத மாணவர்கள் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பாகத்தையும் சேர்த்து 2009-ல் 'ஆனந்தத் தாண்டவம்' என்று படமாக எடுத்தார்கள். எனக்குத் திருப்தியில்லை. வாரக்கணக்கில் பாபநாசத்தில் உலாவவிட்டுவிட்டு அப்புறம் பிடுங்கினால்தான் வலிக்கும். தியேட்டரில் அதற்கு நேரமில்லை. காலையில் பேசிய அந்த மாணவியின் கோபத்துக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏழு வருஷத் தொடரை அவர் செல்போனில் நாலே ராத்திரியில் முடித்திருக்கிறார். அன்றைக்கு ஜப்பானில் பதினெட்டு வயதில் ஆரம்பித்த வாசகன், முடிக்கும்போது இருபத்தைந்து. அதற்குள் அவனுக்கும் வேலை, கடன், ஒரு சாவு, ஒரு கல்யாணம் எல்லாம் வந்திருக்கும். கதையும் அவனும் சேர்ந்தே வளர்ந்தார்கள். நாலு ராத்திரியில் படித்தால், ஓடுகிற பஸ்ஸில் பிரேக் போட்ட மாதிரிதான் இருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். பேர் வேண்டாம். வகுப்பிலேயே சத்தமாகச் சிரிக்கக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். வாரா வாரம் விகடன் அவர் வீட்டில் எல்லோரும் படித்து முடித்தபிறகு வகுப்புக்கு வரும். கடைசி பெஞ்சுக்கு வந்துசேரும்போது அட்டை இருக்காது. இரண்டாமாண்டு முடிவதற்குள் வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்தது. டி.சி. வாங்க வந்த அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் டீயும் மிக்சரும் வாங்கிக் கொடுத்து, அப்போதும் சிரித்துக்கொண்டேதான் போனார். இரண்டாம் பாகம் அவர் போன பிறகுதான் வந்தது.

பல வருஷம் கழித்து, திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கையில் ஒரு பெண் குழந்தை. ஊருக்கே திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "ரெண்டாவது பாகத்தை நான் படிக்கவே இல்லைங்க. என்ன ஆச்சுன்னு யார்கிட்டயும் கேக்கவும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாவுக்குச் சாதம் ஊட்டணும், வரேன்" என்று பந்திக்குப் போனார். அதன்பிறகு அஞ்சல் வழியில் பட்டம் முடித்தார், வேலைக்குப் போனார், மகளைப் படிக்கவைத்தார்.

இன்றைய சந்திப்புக்கு அவரையும் அழைக்கலாம் என்று உறுப்பினர் பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயர் இல்லை. பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்பது விதியாம். எங்கள் பிரிவில் மட்டும் இப்படி நடுவில் நின்றுபோனவர்கள் ஐந்து பேர். நாலு பேர் பெண்கள். நாற்பது வருஷத்துப் பிரிவுகளையும் எடுத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று செயலாளர் அவர்கள்தான் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவேண்டும். பதிவேட்டைப் பார்க்கிற வேலைக்கு நான் வரத் தயார். முப்பது வருஷம் பார்த்ததும் அதுதானே. ஒரு நாளாவது நம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லோரையும் உறுப்பினராக்கலாம் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பொதுக்குழு இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் இலை எடுத்தவுடன் ஓடிவிடாமல் இருக்கவேண்டும்.