பனிக்குள் எவ்வளவு நீர்?



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சியரா நெவாடா மலைப்பனியே உருகித் தருகிறது. எவ்வளவு நீர் வரும் என்பதை முன்னரே அறியாமல் உழவர் எதை நம்பி விதைப்பர்? 2015 ஏப்ரல் முதல் நாள் அங்கு வழக்கமான பனியில் 5 விழுக்காடே இருந்தது; நகரங்கள் நீர்ப் பயன்பாட்டில் 25 விழுக்காட்டைக் குறைக்க வேண்டுமென மாநில ஆளுநர் ஆணையிட்டார்.

பனியின் உயரத்தை மட்டும் அளந்து பயனில்லை. ஒரு முழப் புதுப்பனியும் ஒரு முழப் பழம்பனியும் ஒரே அளவு நீர் தருவதில்லை. ஆகவே குழாயைப் பனியில் செருகி, உள்ளே வந்ததை எடைபோடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடாவில் வகுத்தார் ஜேம்ஸ் சர்ச். அவர் இலத்தீன் ஆசிரியர் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்! ஆயினும் குழாய் ஓரிடத்தின் கணக்கையே சொல்லும்.

மலை முழுவதையும் அளக்க ராடார் முயல்கிறது. அதன் அலை உலர்பனியை ஊடுருவி, தரையில் பட்டுத் திரும்புகிறது. பனிக்குள் அலையின் வேகம் குறையும். ஒரே இடத்தை இருமுறை நோக்கி, இடையில் கூடிய தாமதத்தைக் கணித்தால், புதிதாய்ச் சேர்ந்த நீர் புலப்படும். அமெரிக்காவும் நம் நாடும் கூடிச் சமைத்து, 2025 சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செயற்கைக்கோள், ஏறத்தாழ 24 செ.மீ. நீள அலையுடன் 12 நாளுக்கொருமுறை அதே பாதையில் திரும்புகிறது. ஈரப்பனியோ அலையை விழுங்கிவிடுகிறது. அதனால் இன்றும் குழாயுடன் மலையேறுகிறார்கள்.