கேரவனும் கூண்டு வண்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு" என்று நம் சங்கச் செயலாளர் அன்போடு கேட்டுக்கொண்டார். இரண்டையும் காப்பாற்ற முயல்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய கேரவன்கள். கேரவன் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் இருக்கும். மேலைநாடுகளில் ஐம்பது, அறுபது, எண்பது வருடத்துப் பழைய கேரவன்களைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்து ஓட்டுகிற ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் கேரவன் என்று பலரும் குறிப்பிடுவது 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியை. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் சொல்லிச் செய்துகொண்டது. அதிலேயே அவர் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். 1907-இல் அங்கே கேரவன் கிளப் தொடங்கியபோது அவர் அதன் துணைத்தலைவர். அந்த வண்டி இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

அமெரிக்காவில் கார் பெருகியதும் இந்த மோகம் பரவியது. 1919-இல் புளோரிடா மாநிலம் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் என்பதற்கு அடையாளமாகக் காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வார்களாம். பிற்காலத்தில் அந்தச் சங்கம் நலிந்து மறைந்தது. 1998-இல் பழைய கேரவன் பிரியர்கள் சிலர் அதே பெயரில் அதை மறுபடி எழுப்பினார்கள். வண்டி மட்டும் பழுதுபார்க்கப்படுவதில்லை, சங்கமும் பழுதுபார்க்கப்படுகிறது!

இயந்திரவியல் மாணவர்களுக்குப் பிடித்த கதை இனிமேல்தான். லிண்ட்பர்க் 1927-இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஹாலி போலஸ். அவர் 1934-இல் விமான உடல் போலவே அலுமினியத் தகட்டில் ஒரு கேரவன் செய்தார். அந்த வழியில் வாலி பயம் என்பவர் 1936-இல் கொண்டுவந்ததுதான் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். வாலி பயம் பின்னாளில் தம் வாடிக்கையாளர்களையே கூட்டமாகத் திரட்டி ஊர்சுற்றக் கிளம்பினார். 1959-இல் தொடங்கி ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை கேரவன் வரிசை ஒன்று போய்ச் சேர்ந்தது.

பழைய ஏர்ஸ்ட்ரீமில் தகட்டை இணைப்பது ரிவெட். அதை ஒருவர் தனியாக அடிக்க முடியாது. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கி பிடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். பழைய கேரவன்காரர்கள் ஒன்றுகூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். மழை ஒழுகி அடிப்பலகை உளுத்துப்போன வண்டியை வாங்கியவன் முதலில் தேடுவது அதே வேலையைச் செய்துமுடித்த இன்னொருவனைத்தான். ஒருவர் அளவெடுத்து வரைந்ததை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பார். கிடைக்காத ஜன்னல் பிடியை ஒருவர் அச்சுவார்த்து இருபது பேருக்குக் கொடுப்பார். வருடத்துக்கு ஒரு தடவை வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பார்கள். பொருளை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலை. செய்முறையையும் காப்பாற்றினால்தான் முழு வேலை. இதுவே அவர்களிடம் நான் கண்ட பாடம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கென்ன சார்?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியது. மறுவருடமே, 1969-இல், பாரிசிலிருந்து ஒரு குழு தரைவழியாகவே வண்டிகளில் புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. ஆரோவில் வரலாற்றில் அதற்குப் பெயரே 'முதல் கேரவன்'. 1974-இல் இரண்டாவது வந்தது. 1979-இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதோடு அந்தத் தரைவழி அடைபட்டுப் போயிற்று. அதற்கும் முந்தைய பிரெஞ்சுக் காலத்தின் புஷ் வண்டியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பின்னால் ஆள் தள்ள, உட்கார்ந்திருப்பவர் கையிலேயே திசைதிருப்பும் கம்பி இருக்கும். வண்டி பத்திரமாக இருக்கிறது. செய்த தச்சர் இல்லை.

அதைவிட நெருங்கிய சொந்தம் நம் கூண்டு வண்டி. மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர் பெருமாளும் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, என் தாத்தா காலத்துக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்தால் படுக்கை. வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்கில் பாத்திரம் பண்டம். பக்கத்திலேயே மூன்று கல் அடுப்பு. மதுரையில் கள்ளழகரைப் பார்க்க வந்த கிராமத்து ஜனங்களும் இப்படித்தான் வந்தார்கள். கேரவன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் கணக்கும் ஒன்றே. ஒற்றை அச்சுள்ள கேரவனில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரோடு சேரும் கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது பொதுவிதி. அதைவிடக் குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும், காரையே புரட்டிவிடும். இதை நம் வண்டிக்காரர் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது "எல்லாரும் முன்னாடி நகர்ந்து உட்காருங்க" என்று அவர் சொன்னதில் ஒரு முழு ஸ்டாடிக்ஸ் பாடம் இருக்கிறது.

சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவதைப் பாருங்கள். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். அவற்றை இறுக்கிப்பிடிப்பது அந்தப் பட்டா. சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வளையம் செய்து, நெருப்பில் பழுக்கவைத்து, சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். நாம் ஷ்ரிங்க் ஃபிட் என்று படித்தது இதுதான். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையத்தின் வெப்பநிலையை 600 டிகிரி உயர்த்தினால் சுற்றளவு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் கூடும். நமக்குக் கால்குலேட்டர் வேண்டும். ஆசாரிக்கு நெருப்பின் நிறமும் கையிலிருக்கும் நூலுமே போதும். எவ்வளவு சின்னதாகச் செய்ய வேண்டும், எந்த மரத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. வரைபடம் எதிலும் இல்லை.

டயர் வண்டி வந்தது, பிறகு டிராக்டர் வந்தது. வந்ததில் தப்பில்லை, மாட்டுக்கும் அது நல்லதே. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி போன்ற பெரியவர், மாட்டு வண்டியை நவீன முறையில் சீர்திருத்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார். ஆனால் இன்று மரச்சக்கரம் செய்யத் தெரிந்த ஆசாரிகள் பாகூர், வில்லியனூர்ப் பக்கம் இருந்தாலும் வயதானவர்களாகவே இருப்பார்கள். பலருக்கு அந்த வேலையே வருவதில்லை; கதவு, ஜன்னல் செய்கிறார்கள். அவர்களோடு இந்தக் கணக்கும் போய்விட்டால், பிறகு எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட முடியாது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் மோட்டார் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு செய்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். நல்ல விதிதான். ஆனால் அது இரு சக்கர, நான்கு சக்கர மோட்டார் வண்டிகளுக்கு மட்டும். இழுத்துப்போகும் வண்டிக்கு அதில் இடமில்லை. மாட்டு வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இந்த மேடையில் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, மாணவர்களுக்கு. இந்தக் கோடை விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து, உங்கள் ஊரில் கொட்டகைக்குள் கிடக்கும் ஒரு கூண்டு வண்டியைத் தேடுங்கள். அச்சு முதல் கடையாணி வரை அளவெடுத்து, முழு வரைபடம் போடுங்கள். பாகங்களின் பெயரை வண்டிக்காரர் சொல்லும் தமிழிலேயே எழுதுங்கள். செல்போனில் படம் பிடியுங்கள்.

இரண்டாவது, சம்பாதிக்கிற நம் முன்னாள் மாணவர்களுக்கு. சங்கத்தின் செலவில் ஒரு ஆசாரியை நம் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து, மாணவர் முன்னால் ஒரு ஜோடி மரச்சக்கரம் செய்யச் சொல்வோம். மரத்துக்கும் இரும்புக்கும் காசு, அவருக்கு ஆசிரியருக்குரிய சம்பளம், நாற்காலி, மரியாதை. கூலி ஆளாக அவரை அழைக்கக் கூடாது. பணம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் செயற்குழுவில் வைக்கிறேன். என் பங்கை முதலில் நானே எழுதிக்கொடுக்கிறேன்.

அடுத்த சந்திப்பில் அந்த ஜோடிச் சக்கரம் இந்த மேடைக்குப் பக்கத்தில் நிற்கட்டும். செய்தவர் முன்வரிசையில் உட்காரட்டும்.  சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.