உதிரமும் உரோமமும்

வழுக்கைத் தலையை நகைச்சுவைக்குரிய பொருளாகக் கொள்வது உலக வழக்கு. ஆயினும், சீப்போடு வரும் மயிரை நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் இளைஞனுக்கும், வகிடு வரவர அகலக் காணும் பெண்ணுக்கும் அது நகைப்புக்குரியதன்று. அவர்களுடைய கவலையை அறிந்தே தைலம் விற்போர் காலந்தோறும் கடை விரித்து வந்துள்ளனர். இன்று அவர்கள் முன் வைக்கப்படும் சிகிச்சையொன்று, ஒருவருடைய சொந்தக் குருதியையே அவருக்கு மருந்தாக்குவது. அது மெய்யான மருத்துவமா, பழைய கடையின் புதுச் சரக்கா என ஆராய்வது பயனுடையதாகும்.

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஒவ்வொரு மயிரும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின்னர் உதிர, அதே மயிர்க்காலிலிருந்து புதியது முளைக்கிறது. பரம்பரை வழுக்கையில் இச்சுற்றுச் சீர்குலைகிறது. வளரும் காலம் குறுகுகிறது, மயிர்க்கால் சிறுக்கிறது, தடித்த மயிர் நின்ற இடத்திற் பூனைமயிர் தோன்றுகிறது. இதன் காரணத்தை 1942ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹமில்ட்டன் தெளிவுபடுத்தினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோதோ, வழுக்கைக் குடும்பத்திற் பிறந்தோருக்கு மயிர் உதிரத் தொடங்கிற்று. பரம்பரையும் ஓமோனும் கூடியே ஆண்களின் வழுக்கையை விளைவிக்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

இனி, குருதியை நோக்குவோம். அதிற் செங்கலங்கள், வெண்கலங்கள் ஆகியவற்றோடு சிறுதட்டுக்கள் என்னும் நுண்துகள்களும் மிதக்கின்றன. குருதி உறைவதில் அவற்றுக்குள்ள பங்கினை 1882இல் இத்தாலிய அறிஞர் பிசொசெரோ விளக்கினார். ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரையான சிறுதட்டுக்கள் உண்டு. காயத்தை அடைப்பதோடு, இழையங்கள் வளரத் தூண்டும் புரதங்களையும் அவை வெளிவிடுகின்றன. இப்புரதங்கள் சோர்ந்த மயிர்க்காலையும் எழுப்பக்கூடும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை எண்ணம்.

செய்முறை எளிதே. கையிலிருந்து சிறிதளவு குருதியை எடுத்து, மையநீக்கப் பொறியிலிட்டுச் சுழற்றுவர். பாரமான செங்கலங்கள் அடியிற் படிய, சிறுதட்டுக்கள் செறிந்த வெளிர்மஞ்சட் பிளாஸ்மா பிரிந்து நிற்கும். அதனைத் தலைத்தோலிற் பல இடங்களில் ஊசியாற் செலுத்துவர். பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவையும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் இது நிகழும்.

பயன் யாது? 2015இல் இத்தாலியில் 20 ஆண்களின் தலையில் ஒரு பாதிக்கு இம்மருந்தும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்திப் பார்த்தனர். மருந்து பெற்ற பாதியில் மயிர் அடர்த்தி கூடிற்று. ஆனால் ஓராண்டின் பின்னர் நால்வருக்கு மீண்டும் மயிர் உதிரலாயிற்று. 2016இல் அமெரிக்காவில் 26 பெண்களிடம் நடத்திய சோதனையிலோ, மருந்துக்கும் உப்புநீருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சுழற்றும் வேகமும் சிறுதட்டுச் செறிவும் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு வைத்தியரின் மருந்து மற்றவரின் மருந்தைப் போன்றதன்று. மெலிந்த மயிர் ஓரளவு தடிக்கலாம். முற்றும் வழுவழுப்பான உச்சியிற் புதுமயிர் முளைக்குமென எதிர்பார்த்தல் வீண்.

சொந்தக் குருதி என்பதால் ஒவ்வாமை அரிது. வலியும் வீக்கமும் சில நாளில் மாறும். ஆனால் தூய்மை தவறினால் கேடு பெரிது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், அனுமதிப்பத்திரமின்றி நடத்தப்பட்ட அழகு நிலையமொன்று 2018இல் மூடப்பட்டது. இதே பிளாஸ்மாவை முகத்திற் செலுத்தும் சிகிச்சையை அங்கு பெற்ற பெண்கள் மூவருக்கு அதன்வழியே எச்.ஐ.வி. தொற்றியிருக்க வேண்டுமென 2024இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அறிவித்தனர். பெயர் குறிக்கப்படாத குருதிக்குழாய்கள் அங்கே சமையலறையிற் காணப்பட்டன.

எனவே, முதலிற் காரணம் அறியப்படல் வேண்டும். கடுங்காய்ச்சலின் பின்னும் பிள்ளைப்பேற்றின் பின்னும் உதிரும் மயிர் பெரும்பாலும் தானே மீள வளரும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட்டுச் சுரப்பிக் கோளாறும் வேறு மருந்தினால் தீர்வன. பரம்பரை வழுக்கைக்கோ, 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினொக்சிடில் பூச்சும், ஆண்களுக்கென 1997இல் அனுமதி பெற்ற பினஸ்ரரைட் மாத்திரையும் நன்கு சோதிக்கப்பட்டவை. அவற்றையும் வைத்தியர் சொற்படியே கொள்ளல் வேண்டும். அதன் பின்னரும் குருதிச் சிகிச்சையை நாடுவோர், செய்பவர் பதிவுபெற்ற வைத்தியரா, ஊசியும் குழாயும் புதியனவா, எத்தனை தடவைக்கு எவ்வளவு செலவாகும் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே கையை நீட்டுதல் அறிவுடைமையாகும்.