எடுத்தலும் வைத்தலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி மீமிசலில் கூடிய சிராவகர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

 

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களைப் பற்றி இம்மேடையில் ஆண்டுதோறும் ஒருவர் பேசுவது வழக்கம். இவ்வாண்டு ஔஷத தானத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். மருந்து வாங்கிக் கொடுத்தல், கண் சிகிச்சை முகாம் நடத்துதல், சக்கர நாற்காலி வழங்குதல் ஆகியவை நாம் நெடுங்காலமாகச் செய்து வருபவை. அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு மருத்துவமனை பழைய இடத்தை விட்டுப் பெரிய வளாகத்துக்குக் குடிபெயரும்போது அதன் பணியாளரை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அதுவும் ஔஷத தானத்தின் ஓர் உறுப்பு என்பது என் துணிபு.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏழடிப் பாட்டம் என்னும் குகையைக் கண்டிருப்பீர்கள். அங்கே பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள் உள்ளன. படுக்கையைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல்லே நம் முனிவர் உறைந்த இடத்துக்கும், பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் பெயராயிற்று. காரியாசான் தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரையே சூட்டினார். படுக்கை, மருந்து, கல்வி ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணிய மரபு நம்முடையது. இன்று மருத்துவமனையின் பெருமையைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் அளக்கின்றோம். அப்படுக்கைகளின் அருகே நிற்கும் மனிதருக்கு அளிக்க வேண்டிய கல்வியை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

இம்மாவட்டத்திலேயே நாம் கண்ட இடமாற்றம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நகரின் நடுவே தலைமுறைகளாக இயங்கிய தலைமை மருத்துவமனையின் சிகிச்சைப் பிரிவுகள் நகருக்கு வெளியே பெயர்ந்தன. மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி என்னும் கடலோர ஊர்களிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி வழியாகச் செல்பவருக்கு அது ஒரு முகவரி மாற்றம் அன்று. எந்த வாயிலில் இறங்குவது, எந்தச் சீட்டை எங்கே பெறுவது, திரும்பி வரப் பேருந்து எங்கே நிற்கும் என்பவற்றையெல்லாம் அவர் மீண்டும் கற்க வேண்டியிருந்தது. நோயாளி கற்க வேண்டியது இத்தனை என்றால், அங்கே பணிபுரிவோர் கற்க வேண்டியது எத்தனை மடங்கு!

ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பகுதிகளில் உறவினரை உடைய நம் குடும்பங்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நன்கு அறிவர். 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணி அது. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. நகரின் நடுவே பெரிய மருத்துவமனை அமைந்தது அவற்றுக்குப் பின்னர், 1924இல். இந்த வரிசையை நோக்குங்கள். பெரிய கட்டடத்துக்கு முன்னே பயிற்சி பெற்ற கைகள் ஆயத்தமாயின. அந்நிறுவனமே 2022இல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இராணிப்பேட்டை வளாகத்தைத் திறந்து, விபத்துச் சிகிச்சையையும் உயர்சிறப்புப் பிரிவுகள் பலவற்றையும் அங்கே கொண்டுசென்றது. ஒரே மருத்துவமனை கிலோமீட்டர்கள் இடையிட்ட இரு வளாகங்களில் இயங்கும்போது, எந்த நோயாளி எந்த வளாகத்துக்குரியவர் என்பதை அங்குள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இந்த ஆயத்தத்தை எவ்வாறு வகுத்துச் சொல்வது என்று எண்ணிப் பார்த்தேன். நம் முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளே நினைவுக்கு வந்தன. அவை துறவியர்க்குரியவை, எனினும் அவற்றின் விழிப்பை இல்லறத்தாரும் கற்கலாம்.

முதலாவது ஈரியா சமிதி. சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு நிலம் நோக்கி நடத்தல். இடம் பெயரும் மருத்துவமனையிலும் முதல் பாடம் நடைதான். இருபது ஆண்டுகள் ஒரே கூடத்தில் பணிபுரிந்த செவிலியரின் கால்கள் இருட்டிலும் உயிர்காக்கும் மருந்து வைத்த வண்டியைச் சென்றடையும். புதிய வளாகத்தில் அக்கால்களுக்கு ஒன்றும் தெரியாது. எனவே திறப்பு நாளுக்குப் பல வாரங்கள் முன்பே நலமுள்ள ஒருவரைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்து, அவசரப் பிரிவின் வாயிலிலிருந்து அறுவை அரங்கம் வரை தள்ளிச் சென்று பார்க்க வேண்டும். கட்டில் திரும்ப முடியாத வளைவு, நெடுநேரம் காக்க வைக்கும் மின்தூக்கி, தவறான பக்கம் திறக்கும் கதவு ஆகியவை அப்போதுதான் புலப்படும். இந்த ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்தினால் போதாது. இரவுப் பணியில் ஆள் குறைவு, ஆபத்து மிகுதி.

சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி சொல்கின்றேன். அங்கே அலெக்சாண்ட்ரா மருத்துவமனை என்னும் பழைய மருத்துவமனை உள்ளது. அதை நடத்திய குழுவினர் 2010இல் ஈசூனில் எழுந்த கூ டெக் புவாட் மருத்துவமனைக்குச் சென்றனர். அடுத்து அங்கே பணியேற்ற குழு 2015இல் ஜூரோங்கில் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் மருத்துவமனைக்குச் சென்றது. அதற்கடுத்த குழு 2018இல் செங்காங் மருத்துவமனைக்குச் சென்றது. புதிய கட்டடம் எழுந்துகொண்டிருக்க, அதில் பணிபுரியப் போகின்றவர்கள் பழைய கட்டடத்தில் ஒரே குழுவாக உண்மையான நோயாளிகளுக்குப் பணிசெய்து பழகினர். ஒரு பழைய மருத்துவமனை மூன்று புதிய மருத்துவமனைகளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இரண்டாவது பாஷா சமிதி, அதாவது சொல்லில் விழிப்பு. இங்கே என் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. வெளிமாநிலத்துப் பெருநகர் ஒன்றில் மகனோடு வாழ்ந்த என் அண்ணனுக்கு ஓர் இரவு பக்கவாதம் கண்டது. அவர் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனைக்கே கொண்டு சென்றோம். அந்தப் பிரிவு சில நாள்களுக்கு முன்புதான் வேறு வளாகத்துக்குப் போயிருந்தது. வாயிற்காவலர் இளைஞர், ஒப்பந்தப் பணியாளர். “அந்தப் பிரிவு இங்கே இல்லை” என்றார். எங்கே போயிற்று என்று கேட்டதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. உள்ளே சென்று ஆளைத் தேடி, விவரம் கேட்டு, வழி விசாரித்துப் புதிய வளாகத்தை அடைவதற்குள் ஒரு மணி நேரம் கழிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பே. அண்ணன் உயிர் பிழைத்தார். வலக்கை இன்றும் பேனா பிடிப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் பிடித்திருக்குமா? அறியேன். அந்தக் காவலரை நான் குறை கூறவில்லை. மருத்துவர்களுக்குக் கூட்டம் நடத்தியிருப்பார்கள். செவிலியருக்குச் சுற்றறிக்கை வந்திருக்கும். வாயிலில் நிற்பவருக்கு ஒரு வரி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஆதலால் ஆயத்தம் என்பது கடைநிலைப் பணியாளரிடமிருந்து தொடங்க வேண்டும் என்கின்றேன். காவலர், துப்புரவுப் பணியாளர், மின்தூக்கி இயக்குநர், சீட்டு எழுதுபவர், 108 ஆம்புலன்சு ஓட்டுநர் ஆகியோரே நோயாளி முதலில் சந்திக்கும் மருத்துவமனை. பழைய வாயிலில் பல மாதங்கள் வரையேனும் வழி சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கு அறிவிப்புப் பலகை பயன்படாது.

மூன்றாவது ஏஷணா சமிதி. குற்றமற்ற உணவையே ஏற்றல். மருத்துவமனையில் இது சமையற்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் பொருந்தும். குடிபெயரும் நாளிலும் சர்க்கரை நோயாளிக்கு உரிய வேளையில் உணவு வந்தாக வேண்டும். இன்சுலினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. வண்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்தக் குளிர்ச்சிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று முன்பே பெயர் குறித்துவைக்க வேண்டும்.

நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்பு. முனிவர் ஓரிடத்தில் அமருமுன் மயிற்பீலியால் அவ்விடத்தை நீவுகின்றார்; கமண்டலத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்குகின்றார். மருத்துவமனை இடமாற்றத்தின் முழு இலக்கணமும் இந்த ஒரு சமிதியில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வைக்குமுன் நீவுதல் என்பது புதிய இடத்தைச் சோதித்தல். சுவரிலுள்ள குழாயில் வருவது ஆக்சிசன்தானா, மயக்க மருந்து வாயுவா என்று ஒவ்வொரு படுக்கையருகிலும் கருவி வைத்துப் பார்த்த பின்னரே நோயாளியை அங்கே கிடத்த வேண்டும். மருந்து அலமாரியின் அடுக்குகளைப் பழைய வரிசையிலேயே வைத்தால், பழகிய கை தவறாது.

கனடாவில் மொன்றியல் நகரின் ராயல் விக்டோரியா மருத்துவமனை 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 154 நோயாளிகளைப் புதிய வளாகத்துக்கு மாற்றியது. இத்தகைய நாளுக்குரிய முறைகள் யாவர்க்கும் பொதுவானவை. சில நாள்கள் முன்பே தள்ளிப்போடக்கூடிய அறுவைகளை நிறுத்தி, நோயாளி எண்ணிக்கையைக் குறைக்கின்றனர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தாள் ஒன்று எழுதி, உடன்செல்லும் செவிலியர் யார், எதிர்கொள்ளும் செவிலியர் யார் என்று குறிக்கின்றனர். எடுத்த கை விடுவதற்கு முன் ஏற்கும் கை பற்றியிருக்க வேண்டும். கடைசி நோயாளி பழைய கட்டடத்தை நீங்கும்வரை இரண்டு இடங்களிலும் மருத்துவர் இருந்தாக வேண்டும்.

ஐந்தாவது உத்சர்க சமிதி. கழிவை எவ்வுயிர்க்கும் தீங்கின்றி நீக்கல். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மருத்துவக் கழிவைப் பிரிப்பதற்கு 2016ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. தீங்கு விளைக்கும் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. புதிய வளாகத்தில் கழிவு வண்டி எந்த வழியே செல்லும், உணவு வண்டியின் வழியோடு அது கலக்காதா என்று துப்புரவுப் பணியாளரிடமே கேட்டறிய வேண்டும். வரைபடத்தில் காணாத குறையை அவர் காண்பார்.

இவ்வளவும் செய்தாலும் எஞ்சுவது ஒன்றுண்டு. அது பணியாளரின் மனம். நகரின் நடுவே நடந்து சென்று பணிசெய்த ஓர் ஆயாவுக்கு வளாகம் ஊருக்கு வெளியே போனால் என்னாகும்? அதிகாலை முறைப்பணிக்குப் பேருந்து உண்டா? பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை யார் பார்ப்பர்? இந்தக் கவலையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டால், அவரோடு இருபதாண்டு அனுபவமும் போய்விடுகிறது. முன்கூட்டி அழைத்துக் கேட்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

இறுதியாக, நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவமனைகள் விரிவடையும் காலம் இது. கட்டட நிதி கேட்டு நம்மிடம் வருவார்கள். கல்வெட்டில் பெயரும் பொறிப்பார்கள். கொடுப்போம். கொடுக்கும்போதே, “பணியாளர் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? ஒத்திகை எத்தனை முறை? இரவில் நடந்ததா? காவலரும் அதில் இருந்தாரா?” என்று கேட்போம். நன்கொடையில் ஒரு பங்கு அதற்கே என்று எழுதிக் கொடுப்போம். மேலும் நம்மிடம் பொருளினும் அரிய ஒன்றுண்டு. ஓய்வுபெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. ஒத்திகை நாளில் தள்ளுகட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொள்ள ஆள் வேண்டும். பழைய வாயிலில் நின்று வழி சொல்ல ஆள் வேண்டும். இவ்விரண்டுக்கும் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுமாறு பொறுப்பாளரை வேண்டுகின்றேன். அண்ணன் நின்றது போன்ற ஒரு வாயிலில், நள்ளிரவில் வந்து இறங்கும் யாரோ ஒருவருக்கு, “இதோ, இந்த வழி” என்று சொல்ல எனக்கு ஆசை.

உங்களில் எத்தனை பேர் உடன்வருவீர்கள் என்பதை விழா முடிந்ததும் பந்தியில் அமரும்போது சொல்லுங்கள். 

ஜெய ஜினேந்திரா!